எண்பதுக்கு இரண்டு குறைவு

"எழுபத்தெட்டா? எந்தக் கபோதி போட்ட மார்க் இது?"

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜைக்குப் பின்னாலிருந்து வந்த அந்தக் குரல் வழக்கத்தைவிடக் கரகரப்பாக இருந்தது. காத்திருந்த மூன்று நோயாளிகளும் பல்வலியை மறந்து நிமிர்ந்து பார்த்தார்கள். வெர்லீன் டிட்வெல் கைபேசியை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்தாள். ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தாள். எண் மாறவில்லை.

டால்டன் டிட்வெல். இடது டேக்கிள். லாட்டிமர் உயர்நிலைப் பள்ளி, ஜார்ஜியா. 78. இரண்டு நட்சத்திரம்.

அதற்குக் கீழே இரண்டு வரிகள்: "முதல் அடி தாமதம். மோதும் கணத்தில் நிமிர்ந்துவிடுகிறார்."

ஃபிரைடே போர்டு என்ற அந்த இணையதளம் செய்யும் வேலை இதுதான். நாடு முழுவதும் பள்ளிகளில் அமெரிக்கக் கால்பந்து, அதாவது பந்தைக் கையால் எறிந்தும் ஆளை மோதித் தள்ளியும் ஆடும் ஆட்டம், ஆடும் பையன்கள் பத்து லட்சம் பேர். அத்தனை பேரையும் எந்தப் பல்கலைக்கழகக் கோச்சும் நேரில் போய்ப் பார்க்க முடியாது. அதனால் போர்டின் ஆட்கள் வட்டாரம் வட்டாரமாகப் போய்ப் பார்த்து, ஒவ்வொருவனுக்கும் நூற்றுக்கு ஒரு எண் போடுவார்கள். எண்பதைத் தொட்டால் மூன்று நட்சத்திரம். தொண்ணூற்றைத் தொட்டால் நான்கு. ஐந்து நட்சத்திரம் என்பது வருடத்துக்கு முப்பது பேருக்கு வாய்த்தால் பெரிது. ஐந்து நட்சத்திரக்காரன் வீட்டு வாசலில் கோச்சுகள் வரிசையில் நிற்பார்கள். மூன்று நட்சத்திரக்காரனுக்குப் போன் வரும். இரண்டு நட்சத்திரக்காரனின் அம்மாதான் போன் செய்ய வேண்டும்.

வெர்லீன் ஏற்கெனவே செய்திருந்தாள். டான்ஃபோர்த் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வரும் வருடத்துக்கு ஒரே ஒரு இடது டேக்கிளுக்கு இடம் இருந்தது. நான்கு வருடப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்த இடம் கிடைத்தால் டால்டன் என்ஜினியர் ஆவான். கிடைக்காவிட்டால் அப்பா ஹாய்ட்டின் டயர் கடையில் இரண்டாவது ஜாக்கியாக ஆவான்.

டான்ஃபோர்த்தின் கோச் பாஸ்கம் ஒளிவுமறைவு இல்லாத மனிதர்.

"எங்களுக்குப் பையனைப் பிடிச்சிருக்கு மேடம். ஆனா இரண்டு நட்சத்திரத்தோட எடுத்தா, எங்க மொத்தப் பட்டியலோட சராசரி இறங்கும். சராசரி இறங்கினா பழைய மாணவர்கள் எங்களைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. எப்படியாவது எண்பது வரட்டும்."

"எண்பது எப்படி வரும்?"

"எங்களை மாதிரி பல்கலைக்கழகம் ஏதாவது இடம் கொடுத்தா, போர்டுல எண்ணை ஏத்துவாங்க."

"இடம் எப்பக் கொடுப்பீங்க?"

"எண் ஏறினா கொடுத்துடுவோம் மேடம்."

அன்று வெர்லீன் போனை வைத்த வேகத்தில் பல் மருத்துவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

எழுபத்தெட்டைப் பார்த்த அன்று மாலை வீட்டுச் சமையலறையில் அந்த இரண்டு வரிகளை ஹாய்ட்டுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள்.

"நிமிர்ந்துடறானாம்! என் பிள்ளை நிமிர்ந்துடறானாம்!"

ஹாய்ட் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "நிமிர்றான்தானே வெர்?" என்றான். "வெள்ளிக்கிழமை ஆட்டத்துல நீயே சொன்னே."

"நான் சொல்லலாம். பெத்தவ நான். சொல்றதுக்கு இவன் யாரு?"

"அப்ப நல்லா ஆடும்போதும் ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

"நல்லா ஆடறது அவன் வேலை. நீ மாட்டின டயர் கழண்டு ஓடாம ஒழுங்கா ஓடுதுன்னு யாராவது வந்து உன்னைக் கட்டிப் பிடிச்சிருக்காங்களா?"

ஹாய்ட் நேர்மையாக யோசித்துப் பார்த்தான். இருபது வருடத்தில் அப்படி யாரும் வந்ததில்லை.

இந்த இடத்தில் இடது டேக்கிள் என்பவன் யார் என்று சொல்லிவிட வேண்டும். பந்தை எறிகிறவன் வலது கைக்காரனாக இருந்தால், எறியத் திரும்பும்போது அவனுடைய இடப்பக்கம் அவனுக்கே தெரியாது. அந்தப் பக்கமாக ஓடி வந்து அவன் முதுகெலும்பை எண்ணிப் பார்க்க ஆசைப்படும் எதிரணிக்காரனை நெஞ்சால் மறித்து நிற்பவன்தான் இடது டேக்கிள். அவன் பந்தைத் தொடுவதே இல்லை. எறிவதில்லை, பிடிப்பதில்லை, எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. அதனால் அவன் பேரில் கணக்கெழுத எதுவும் கிடையாது. வேலையைச் சரியாகச் செய்தால் யாரும் அவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தப்பு செய்தால் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அவனை மதிப்பிட வேண்டுமென்றால் பந்தை விட்டுவிட்டு அவனையே பார்க்க வேண்டும். நாலாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியத்தில் பந்தைப் பார்க்காமல் அவனை மட்டும் பார்ப்பது அவன் அம்மாதான்.

அதிலும் வெர்லீன் சாதாரண அம்மா இல்லை. அவளுடைய அப்பா இடது டேக்கிள். இரண்டு அண்ணன்மாரும் அதே வரிசையில் ஆடியவர்கள். மற்ற வீடுகளில் சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கேட்பார்கள். அந்த வீட்டில் கால் வைக்கும் கோணத்தைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

சரி, எண்ணை எப்படி ஏற்றுவது? போர்டின் பக்கத்தில் டால்டனின் உயரம் ஆறு அடி நான்கு அங்குலம் என்று போட்டிருந்தது. வெர்லீனின் மூளையில் விளக்கு எரிந்தது. அவள் வீட்டுச் சரக்கறையின் கதவு நிலையில் பென்சில் கோடுகள் உண்டு. கடைசிக் கோடு ஆறு அடி ஐந்தில் இருந்தது. ஒரு ஆட்டம் முடிந்து டால்டன் ஆணி வைத்த காலணியோடு வந்து நின்றபோது போட்ட கோடு அது என்பதை அவள் மறந்திருந்தாள். போட்டோ எடுத்து அனுப்பினாள். பதில் வராததால் போன் செய்தாள்.

எடுத்த பெண், "போட்டோ செல்லாது மேடம்," என்றாள். "ஜூன் மாசம் மேக்கன்ல எங்க முகாம் இருக்கு. அங்க அளந்தா முத்திரை குத்திடுவோம்."

"குத்துங்க! நல்லா அழுத்திக் குத்துங்க!"

பள்ளிக் கோச் கென்னமருக்கு விஷயம் தெரிந்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ மேடம், அளக்கவா சொன்னீங்க? எல்லாப் பள்ளியிலயும் இரண்டு அங்குலம் கூட்டித்தானே எழுதறோம்? படிக்கிறவங்களும் இரண்டைக் கழிச்சுத்தானே படிக்கிறாங்க? ஊர் பூரா இப்படித்தான் நல்லபடியா ஓடிட்டிருக்கு. அளந்து முத்திரை குத்திட்டா அப்புறம் என்ன பண்றது?"

"பொய்யா எழுதறீங்க?"

"பொய் இல்லை மேடம். வளருவான்னு நம்பிக்கை."

மேக்கனில் டால்டனைக் காலுறையோடு சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள். உச்சந்தலையில் ஒரு மரக்கட்டையை வைத்து, முடி நசுங்கி மண்டை தட்டுப்படும்வரை அழுத்தினார்கள். ஆறு அடி இரண்டே முக்கால். அடுத்து கையை நீட்டச் சொல்லித் தோள் எலும்பிலிருந்து நடுவிரல் நுனிவரை டேப் வைத்தார்கள். டேக்கிளுக்கு முப்பத்து மூன்று அங்குலமாவது வேண்டும். யாருடைய கை முதலில் எதிராளியின் நெஞ்சை எட்டுகிறதோ அவன்தான் ஜெயிப்பான். டால்டனுக்கு முப்பத்திரண்டரை.

"மா, உயரத்தை மட்டும்தானே சொன்னே? கையையும் அளந்துட்டாங்களே," என்றான் டால்டன் பரிதாபமாக.

"நகத்தை எப்படா வெட்டினே?"

"நேத்து."

"இன்னிக்குன்னு பார்த்தா வெட்டணும்?"

அளவெடுத்த பிறகு ஒருவரோடு ஒருவர் மோதும் பயிற்சி. பெற்றோர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். அங்கே வெர்லீனுக்கு ஒரு தெரிந்த முகம் கிடைத்தது. அதாவது, தெரிந்த முதுகு. மூன்று வருடமாக லாட்டிமர் ஸ்டேடியத்தில் அவளுக்கு நேர் முன் வரிசையில் உட்காரும் பச்சைத் தொப்பிக்காரர். பெயர் ஓட்டிஸ். அறுபது வயதிருக்கும். யாருடைய தாத்தா, யாருடைய மாமா என்று அவள் கேட்டதில்லை. அவள் அவித்த கடலையில் ஒரு கை அள்ளிக் கொடுப்பாள். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, மடியிலிருக்கும் சின்ன நோட்டில் கடலைத் தண்ணீர் சிந்தாமல் மூடிக்கொள்வார். குறுக்கெழுத்துப் பைத்தியம் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

"நீங்களும் வந்துட்டீங்களா சார்?"

"வந்துட்டேன் மேடம்."

"இந்தக் கூட்டத்துல எங்கேயோ ஒருத்தன் ஒளிஞ்சுகிட்டு என் பையனுக்கு மார்க் போடறான். யாருன்னு பேர்கூடப் போடறதில்லை. கோழைப் பய. கண்ணுல பூ விழுந்தவன்."

ஓட்டிஸ் ஒரு கடலையை உரித்தார். "பூ விழுந்திருந்தாலும் விழுந்திருக்கும் மேடம்."

"தொடையில ஒரு கிள்ளு கிள்ளினா தெரியும் அவனுக்கு."

ஓட்டிஸ் அரை அடி தள்ளி நின்றுகொண்டார்.

அதற்குள் டால்டனின் முறை வந்துவிட்டது. "இடது கால்! இடது கால்டா டால்டன்! அது என்ன, வாடகைக்கு எடுத்த காலா? ஊனி வையேன்டா!" என்று அவள் கொடுத்த குரலில் பக்கத்து மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பையன்கூட இடது காலைப் பார்த்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை புது எண் வந்தது. 77. உயரத்துக்குப் பக்கத்தில் முத்திரை பளபளத்தது. "பின்வாங்கும்போது இடது காலில் உறுதி போதாது," என்று ஒரு வரி.

"பார்த்தியா ஹாய்ட்! கோர்ட்ல நிறுத்தணும் இவனை!"

"கால்..." என்று ஆரம்பித்த ஹாய்ட், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கடைக்கு டயர் வருவதாகச் சொல்லிவிட்டு வெளியேறினான்.

அடுத்தது வீடியோ. ஒவ்வொரு பையனும் தன்னுடைய சிறந்த ஆட்டங்களை வெட்டி ஒட்டி அனுப்புவது வழக்கம். ஆட்டம் தொடங்குவதற்கு முன் படத்தை ஒரு விநாடி நிறுத்தி, பையனைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட வேண்டும். பார்க்கிறவர்கள் தினம் நூறு வீடியோ பார்ப்பவர்கள். முதல் அரை நிமிடத்தில் பிடிக்காவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். கென்னமர் செய்து வைத்திருந்த வீடியோ மூன்று நிமிடம். அதில் பாதி நேரம் பள்ளியின் சின்னம் சுற்றிக்கொண்டிருந்தது. வெர்லீன் ஜூலை மாதம் முழுவதும் உட்கார்ந்து புதிதாக ஒன்று செய்தாள். டால்டன் எதிராளியைத் தரையோடு தரையாகத் தட்டிப்போடும் காட்சிகள் மட்டும். மொத்தம் இருபத்திரண்டு. பார்த்துவிட்டு அவளே பயந்துபோனாள்.

போர்டிலிருந்து பதில் வந்தது.

"வீடியோ கிடைத்தது. இருபத்திரண்டு முறையில் பதினேழு முறை விழுவது ஒரே பையன், எண் 71. அவன் இப்போது நலமாக இருக்கிறான் என்று நம்புகிறோம். பந்து எறியும் ஆட்டம் ஒன்றுகூட இதில் இல்லாததால், எங்கள் வட்டார மதிப்பீட்டாளர் இந்த சீசனில் உங்கள் மகனின் எல்லா ஆட்டங்களையும் நேரில் பார்த்து எழுதுவார்."

"நேர்ல வரானாம்!" வெர்லீன் கைகளைத் தேய்த்துக்கொண்டாள். "வரட்டும். மூஞ்சியைப் பார்த்துடறேன்."

ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம். வெர்லீன் வந்தவுடன் கூட்டத்தை அலசினாள். மூன்றாவது நிமிடத்தில் ஆள் கிடைத்துவிட்டான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் பைனாகுலர், கையில் அட்டை வைத்த காகிதம். அவள் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தான். கடவுள் இருக்கிறார்.

"சாப்பிட்டீங்களா சார்? கோழி வறுத்து எடுத்துட்டு வந்திருக்கேன்."

"அய்யய்யோ, வேண்டாம் மேடம்."

"கூச்சப்படாதீங்க. வேலையா வந்திருக்கீங்க. நாள் பூரா அலைச்சல்."

அவன் சாப்பிட்டான். வறுத்த கோழி, சீஸ் சாண்ட்விச், பீச் பழத் துண்டு வைத்த இனிப்பு எல்லாம் வரிசையாகப் போனது. ஆனால் டால்டன் ஆடத் தொடங்கியதும் வெர்லீனுக்கு விருந்தாளி மறந்துவிட்டான்.

"கையை உள்ள போடுடா! கட்டிப் பிடிச்சு டான்ஸா ஆடப்போறே?... நிக்காதே! விசில் ஊதலை! பஸ்ஸுக்கா நிக்கறே?... டால்டன்! நான் பெத்த மரமே! நகருடா!"

முன் வரிசையில் பச்சைத் தொப்பி குனிந்து குறுக்கெழுத்தில் மூழ்கியிருந்தது. நடுவில் ஒரு முறை திரும்பி, "கடைசியா என்ன சொன்னீங்க மேடம்?" என்று கேட்டது.

"பஸ்ஸுக்கு நிக்கறான்னேன் சார்! விசிலுக்கு முன்னாடியே நிறுத்திடறான்!"

"ஓ. ஆமாமா."

ஆட்டம் முடிந்ததும் வெர்லீன் பைனாகுலர்காரனிடம் குழைந்தாள். "எப்படி சார், பையன்? எழுபத்தைந்தாம் நம்பர்."

"எந்தப் பையன் மேடம்?" என்றான் அவன் வாயைத் துடைத்துக்கொண்டு. "நான் கவுன்ட்டி மின்சார ஆபீஸ். மேல விளக்குக் கம்பத்தைப் பார்க்க வந்தேன். வடக்குப் பக்கத்துல மூணு பல்பு போயிருக்கு."

செவ்வாய்க்கிழமை 76. "கைகள் அகலமாகப் போகின்றன. ஆட்டம் முடியுமுன் நின்றுவிடுகிறார்."

அடுத்த வெள்ளிக்கிழமை வெர்லீன் தன் இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். "இத்தனை நாள் சும்மா இருந்தேன் சார். இனிமே விடமாட்டேன். நிமிர்றானாம், நிக்கறானாம், கையை விரிக்கிறானாம்! ஒரு தப்பு விடாம எழுதறான்! ஒரு நல்லது, ஒரே ஒரு நல்லது அவன் கண்ணுல படாதா? மனுஷ ஜென்மமா அது?"

ஓட்டிஸின் காது மடல் சிவந்தது. "நல்லதும் எழுதலாம்னுதான் இருப்பான் மேடம். அவனுக்கு என்ன கஷ்டமோ."

"என்ன கஷ்டம்? கண்ணைத் திறந்து பார்க்கக் கஷ்டமா?"

ஓட்டிஸ் பென்சிலைத் தேடி எடுத்தார். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் கடைசியில் வெர்லீனின் தொண்டை ஒரேயடியாகப் போயிற்று. டாக்டர் ஒரு வாரம் வாய் திறக்கக் கூடாது, குளிர்க் காற்றில் உட்காரக் கூடாது என்றார். நூறு மைல் தள்ளி நடந்த வெளியூர் ஆட்டத்துக்கு அவள் போகவில்லை. அட்லாண்டாவிலிருந்து டால்டனுக்குப் புதிதாகப் பதினைந்தாம் அளவுக் காலணி ஒன்றை வரவழைத்துக் கொடுத்துவிட்டு, தேன் கலந்த வெந்நீரோடு வீட்டில் கிடந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் கைபேசியைப் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்தாள். குரல் இல்லாததால் கரண்டியால் பாத்திரத்தில் தட்டி ஹாய்ட்டைக் கூப்பிட்டாள்.

79. "குறிப்பிடத்தக்க குறை எதுவும் இல்லை."

அவள் ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிக் காட்டினாள்: காலணி!

ஹாய்ட், "ஆட்டத்துல நல்லாத்தான் ஆடினான். அமைதியா, நிதானமா..." என்றான். அவள் அதே காகிதத்தைத் திரும்பக் காட்டினாள். வார்த்தைக்கு அடியில் ஒரு கோடு போட்டாள்.

அதன்பிறகு அந்தக் காலணிக்கு வீட்டில் கிடைத்த மரியாதை ஹாய்ட்டுக்குக் கிடைத்ததில்லை. அதை யாரும் துடைக்கக் கூடாது, அதிர்ஷ்டம் போய்விடும். அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு வெர்லீனின் குரலும் பழையபடி வந்து சேர்ந்தது. ஒரு வாரம் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் வட்டியோடு இறக்கினாள். செவ்வாய்க்கிழமை 78.

"காலணி தேய்ஞ்சிடுச்சு," என்று இன்னொரு ஜோடிக்குச் சொல்லி அனுப்பினாள்.

நவம்பரில், கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், டான்ஃபோர்த்திலிருந்து பாஸ்கம் பேசினார்.

"சனிக்கிழமை காலையில போர்டுல கடைசிப் பட்டியல் வருது மேடம். எண்பது இருந்தா எங்க கடிதம் அன்னிக்கே உங்க வீட்டுக்கு வரும். இல்லைன்னா டென்னசியில ஒரு பையன் இருக்கான். எண்பத்தொண்ணு."

"உங்க கண்ணால பார்த்துச் சொல்லுங்க சார்! டால்டன் நல்ல டேக்கிளா இல்லையா?"

"என் கண்ணுக்கு நல்ல டேக்கிள்தான் மேடம். ஆனா என் கண்ணுக்கு யாரும் நட்சத்திரம் போடறதில்லையே."

அன்று மாலை கோச் கென்னமர் வீட்டுக்கே வந்துவிட்டார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார்.

"தப்பா நினைக்கக் கூடாது மேடம். வெள்ளிக்கிழமை டான்ஃபோர்த் ஆளும் வரப்போறார்னு கேள்வி. இப்பல்லாம் பெத்தவங்களையும் சேர்த்துத்தான் எடை போடறாங்க. அப்பா எப்படி, அம்மா எப்படி, நாளைக்கு நம்ம கோச்சோட சண்டைக்கு வருவாங்களா, இப்படியெல்லாம். அதனால..."

"அதனால?"

கென்னமர் ஹாய்ட்டைப் பார்த்தார். ஹாய்ட் கூரையைப் பார்த்தான். கடைசியில் டால்டன்தான் சொன்னான்.

"மா, ஒரே ஒரு ஆட்டம். வாயைத் திறக்காம இருப்பியா?"

வெர்லீன் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். ஆறு அடி இரண்டே முக்கால், முத்திரையோடு.

"நான் என்ன கத்தறேனா?" என்றாள். இப்போது மூன்று பேரும் கூரையைப் பார்த்ததால், "சரி," என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் மடியில் ஒரு பெரிய பை அவித்த கடலையோடு வந்து உட்கார்ந்தாள். வாய் திறக்கும் போலிருந்தால் கடலையைப் போட்டு அடைப்பதாகத் திட்டம். ஓட்டிஸ் திரும்பி வணக்கம் சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு கை கடலை கொடுத்தாள். அவர் அவளுடைய திட்டுக்காகச் சற்று நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

எதிரணியில் டால்டனுக்கு நேராக நின்றவன் நான்கு நட்சத்திரக்காரன். அவனைப் பார்க்க மட்டும் ஏழு பல்கலைக்கழகங்களிலிருந்து ஆள் வந்திருந்தது. பந்து நகர்ந்தது. டால்டனின் இடது கால் பந்தோடு சேர்ந்தே பின்னால் போயிற்று. இடுப்பு தாழ்ந்தது. இரண்டு கையும் உள்ளே போய் நெஞ்சில் பதிந்தன. நான்கு நட்சத்திரம் முட்டியது, சுற்றியது, மறுபடியும் முட்டியது. எறிகிறவன் சாவகாசமாக எறிந்து முடித்தான்.

வெர்லீன் கடலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது முறையும் அப்படியே. பத்தாவது முறையும் அப்படியே. திட்டுவதற்கு அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இப்படி ஒரு டேக்கிளை அவள் அப்பாவுக்குப் பிறகு பார்த்ததில்லை. விசில் ஊதும்வரை அவன் கால்கள் ஓயவில்லை. ஒருமுறை விசிலுக்குப் பிறகுதான் எதிராளி தரையில் கிடப்பதே தெரிந்தது. அவனைக் கை கொடுத்துத் தூக்கியும் விட்டான். இடைவேளையில் டால்டன் தலையைத் தூக்கி அம்மாவின் இருக்கையைப் பார்த்தான். நாலாயிரம் பேர் இரைச்சலில் ஒரு குரல் மட்டும் குறைவது அவனுக்கு விநோதமாக இருந்திருக்க வேண்டும். அவள் கையை மட்டும் அசைத்தாள். பிறகு இன்னொரு கடலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

முன் வரிசையில் ஓட்டிஸ் நெளிய ஆரம்பித்தார். ஆட்டத்தின் முதல் கால் பகுதியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். இரண்டாவதில் மூன்று தடவை. மூன்றாவதில் பென்சிலைக் காதில் செருகினார், எடுத்தார், கடித்தார். தானும் டால்டன் இருக்கும் பக்கமாகக் கழுத்தை நீட்டிச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பந்து எங்கோ போனதும் கண்ணும் பந்தோடு போய்விட்டது. கடலை கொடுத்தபோது வாங்க மறந்தார்.

நான்காம் கால் பகுதியில் இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. ஓட்டிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முழு உடம்பையும் திருப்பி, இருக்கையில் மண்டி போட்டு, அவளுக்கு நேராக உட்கார்ந்தார். கையிலிருந்த நோட்டு திறந்திருந்தது. அதில் குறுக்கெழுத்துக் கட்டம் எதுவும் இல்லை. பக்கத்தின் உச்சியில் 'டால்டன் டிட்வெல், இடது டேக்கிள்' என்று எழுதிக் கோடு போட்டிருந்தது. கீழே ஒரு எழுத்துகூட இல்லை.

"மேடம், உடம்பு சரியில்லையா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எதையாவது கத்துங்க," என்றார் அவர், அழாத குறையாக. "பத்து மணிக்குள்ள போர்டுக்கு ரிப்போர்ட் அனுப்பணும், நான் காலேஜ்ல பந்தை மட்டும் உதைச்சிட்டிருந்தவன், டேக்கிளைப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, மூணு வருஷமா நீங்க கத்தறதைத்தான் எழுதிட்டிருக்கேன்!"